காலித் தட்டு

ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிட்டு அனுபவம் சொல்லுங்கள் என்றால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். தன் குருவைப் பற்றி அரை மணி நேரம், தான் பட்ட கஷ்டத்தைப் பற்றி முக்கால் மணி நேரம், கடைசியில் பொன்னாடையோடு ஒரு போட்டோ. எனக்கு அதற்கெல்லாம் பொறுமை கிடையாது. என் குரு நல்ல மனிதர்தான். ஆனால் நான் எழுதப்போவது என் மாணவியிடம் நான் கையும் களவுமாகப் பிடிபட்ட கதை. வெற்றிகளைப் பற்றி எழுதச் சொல்லி உங்கள் இயக்குநர் கேட்டிருந்தார். அவையெல்லாம் கட்டுரைகளில் இருக்கின்றன, தேடிப் படித்துக்கொள்ளுங்கள்.

இன்குபேட்டரின் மேலடுக்கில், இடது ஓரத்தில், எப்போதும் ஒரு காலித் தட்டு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் வளர்ப்பு நீர் இருக்கும், செல் இருக்காது. செல் உள்ள தட்டுக்கு என்னென்ன செய்கிறோமோ அத்தனையும் அதற்கும் செய்ய வேண்டும் என்பது நம் ஆய்வகத்துச் சட்டம். ஏன் என்று கேட்டால், "அம்புஜம் மேடம் காலத்திலிருந்தே அப்படித்தான்" என்று சீனியர்கள் என் பெயரைச் சொல்கிறார்களாம். கோயில் வழக்கம் மாதிரி ஆக்கி வைத்திருக்கிறார்கள். வழக்கத்துக்குக் காரணம் தெரியாவிட்டால் ஒரு நாள் அவசரத்தில் அதை விட்டுவிடுவீர்கள். அதனால் சொல்லிவிடுகிறேன்.

நான் இந்தத் துறைக்கு வந்த காலத்தில், ஸ்டெம் செல்லை அடிபட்ட மூளைக்குள் வைத்தால் அது செத்த நரம்பணுவின் இடத்தில் உட்கார்ந்து வேலையை ஏற்றுக்கொள்ளும் என்று நம்பினோம். வைத்துப் பார்த்தோம். வைத்ததில் பெரும்பாலானவை சில வாரங்களில் செத்துப்போயின. ஆனால் எலிகள் தேறின. இதென்ன கூத்து என்று எல்லோரும் தலையைப் பிய்த்துக்கொண்டோம். பிறகுதான் கவனம் எக்ஸோசோம் பக்கம் திரும்பியது. செல்கள் தம்மிடமிருந்து வெளியே அனுப்பும் மிக மிக நுண்ணிய பொட்டலங்கள் அவை. பக்கத்துச் செல்களுக்கு வேண்டிய சமாசாரங்கள் உள்ளே இருக்கும். செல் செத்தாலும் அது அனுப்பிய பொட்டலம் வேலை செய்யலாம் அல்லவா? அப்படியானால் செல்லை மூளைக்குள் வைப்பானேன், பொட்டலத்தை மட்டும் பிரித்தெடுத்துக் கொடுத்தால் என்ன என்று கிளம்பினோம். மூக்கு வழியாகச் சொட்டு விட்டாலே மூளை வரை போகிறது என்பது இன்னொரு வசதி.

எங்கள் எலிகளுக்கு மூளையில் ஒரு பக்கம் ரத்த ஓட்டம் அடைபட்டு ஒரு முன்னங்கால் சரியாக வராது. கூண்டின் முன்னால் ஒரு சிறிய துளை. துளைக்கு வெளியே, அளந்து வைத்த இடத்தில் ஒரு சீனி உருண்டை. கையை நீட்டி அதை எடுக்கிறதா இல்லையா என்று தினமும் பார்த்து எழுதியவள் செல்வராணி. போனக்காட்டில் தேயிலை கிள்ளிய குடும்பத்திலிருந்து வந்தவள். எந்தக் கூண்டுக்கு மருந்து, எதற்கு வெறும் உப்புநீர் என்று அவளுக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பதுதான் ஏற்பாடு. ஒருமுறை, "எந்தக் கூண்டு தேறும்னு உனக்குத் தோணுது?" என்று வாயைக் கிளறினேன். "எனக்கு எல்லா எலியும் ஒண்ணுதான் டாக்டரம்மா. எது எடுக்குதோ அத எழுதுறேன்" என்று சொல்லிவிட்டுக் கூண்டைக் கழுவப் போய்விட்டாள்.

மருந்து விட்ட எலிகள் உப்புநீர் எலிகளைவிட நன்றாகச் சீனியை எடுத்தன. அதைப் பார்த்த சாயங்காலம் நான் நடந்து போகவில்லை, பறந்தேன். கிழக்கேகோட்டையில் பஸ் மாறும்போது, முன்பின் தெரியாத ஒரு பெண்மணியைப் பார்த்து ஏன் சிரித்தேன் என்று எனக்கே தெரியாது.

பறந்தவள் நேராக என் வீட்டுக்குப் போயிருக்கலாம். அக்கா வீட்டுக்குப் போனேன்.

கரமனையில் ஆற்றை ஒட்டிய எங்கள் தெருவில் அக்கா வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி என் வீடு. கல்யாணம் காட்சி எதுவும் வேண்டாம் என்று எலிகளோடு குடித்தனம் நடத்தியவளுக்கு ராத்திரிச் சாப்பாடு எப்போதும் அக்கா கையால்தான். சாரதா அக்கா மலையாளப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் கணக்கு டீச்சர். அந்த வருஷத்துக்கு முந்தைய மழைக்காலத்தில், காலையில் காப்பி ஆற்றிக்கொண்டு நின்றவள் அப்படியே சரிந்தாள். ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். வலது கை மடங்கிப்போயிற்று. பேச்சு போயிற்று. மிஞ்சியது ஒரே ஒரு சொல், "மதி". மலையாளத்தில் போதும் என்று அர்த்தம். வகுப்பில் பிள்ளைகள் இரைந்தால் அவள் சொல்லி அடக்குகிற சொல். சாதம் வேண்டும் என்றாலும் மதி, ஜன்னலைத் திற என்றாலும் மதி. அவள் நினைப்பது முழுதாக உள்ளே இருந்தது. வெளியே வரும் வழிதான் அடைபட்டிருந்தது.

அத்திம்பேருக்கு இதில் ஒரு தனி வருத்தம். "நாப்பது வருஷம் என்னோட தமிழ்ல குடித்தனம் பண்ணினவ, கேட்டியா. கடைசில மிஞ்சினது ஸ்கூல் பாஷை" என்பார். சிரிக்கத்தான் சொல்வார், ஆனால் அவர் முகம் சிரிக்காது. மனிதர் வாரத்துக்கு மூன்று நாள் அவளை ஆட்டோவில் ஏற்றிப் பேச்சுப் பயிற்சிக்கும் கைப் பயிற்சிக்கும் கூட்டிப் போனார். வீட்டிலும் செய்ய வைத்தார். பலன் மெள்ள மெள்ளத்தான் வந்தது. கட்டை விரல் கொஞ்சம் அசைந்தது. ஒரு நாள் "வா" என்றாள். மறுநாள் அது வரவில்லை.

இந்த வீட்டுக்குள்தான் நான் அன்று பறந்து போய் இறங்கினேன். கை வராத எலிகள் சீனியை எடுத்துத் தின்பதைச் சொன்னேன். நடித்தும் காட்டினேன். மூக்கில் வெறும் சொட்டு, அறுவை இல்லை, ஊசி இல்லை என்றேன். "இன்னும் கொஞ்ச நாள்தான் அக்கா" என்று ஒரு வார்த்தை வேறு சொன்னேன். எந்த விஞ்ஞானியும் ஒரு நோயாளியின் முன்னால் வாய்விடக்கூடாத வார்த்தை அது. எத்தனையோ கூட்டங்களில் மற்றவர்களுக்கு அதை நானே பிரசங்கம் செய்திருக்கிறேன். அக்கா தட்டில் கை வைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த மாதம் பயிற்சிக்குப் போவது குறைந்தது. பிறகு நின்றே போயிற்று. நான் கவனிக்கவில்லை. கட்டுரை எழுதும் மும்முரம். ஒரு நாள் தற்செயலாகக் கேட்டபோது அத்திம்பேர் சொன்னார்: "அவளை ஏன் வருத்தணும் அம்பு? ஒவ்வொரு தடவையும் அழுதுண்டு வரா. உன் மருந்து வந்தா எல்லாம் தானா சரியாயிடப் போறது." கட்டை விரல் மறுபடி மடங்கிவிட்டிருந்ததை அன்றுதான் பார்த்தேன். ஆனாலும் பயிற்சியை விடாதீர்கள் என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதைச் சொல்லும் உறுதி என் குரலில் இருந்திருக்காது. எனக்கே அந்த மருந்தில் அவ்வளவு நம்பிக்கை.

பிறகு அத்திம்பேர் நேரடியாகவே கேட்டார்.

"நான் ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டியே. ரெண்டு சொட்டு. நஸ்யம் மாதிரிதானே? எங்க அப்பாவுக்கு வருஷா வருஷம் கர்க்கடகத்துல விடுவா. மூக்குல சொட்டு விட்டு யாருக்கு என்ன ஆயிடப்போறது?"

"நஸ்யம் எத்தனையோ தலைமுறையா மனுஷாளுக்கு விட்டுப் பாத்தது அத்திம்பேர். இது எலிக்கு விட்டது. மனுஷாளுக்குக் கொடுக்கணும்னா அதுக்குப் பரிசோதனை இருக்கு, அனுமதி இருக்கு, வருஷக்கணக்கா ஆகும்."

"அவளுக்கு வருஷக்கணக்கு இருக்கா அம்பு?"

இந்த ஊரில் கர்க்கடகம், அதாவது ஆடி மாதம், வந்தால் வீட்டுக்கு வீடு மூக்கில் எண்ணெய் விட்டுக்கொள்கிறார்கள். வெளியூர் விஞ்ஞானியிடம் மூளைக்கு மருந்து கேட்டால் பயப்படுவான். எங்களுக்கு அந்தப் பயம் பழக்கத்தில் மழுங்கிப்போயிருந்தது. ஆனாலும் மாட்டேன் என்று மூன்று முறை சொன்னேன். நான்காவது முறை கேட்டது அத்திம்பேர் இல்லை. நான் கிளம்பும்போது அக்கா இடது கையால் என் ஆள்காட்டி விரலைப் பிடித்தாள். இழுத்துத் தன் மூக்கின் மேல் வைத்தாள். "மதி" என்றாள். பிறகு விரலை விடவே இல்லை.

என்னை ஏழு வயதில் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனவள் அவள். சனிக்கிழமை கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

இதற்கு நடுவில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் கட்டுரையை மதிப்பிட்ட முகம் தெரியாத யாரோ ஒருவர், செல் இல்லாத தட்டிலிருந்தும் இதே மாதிரி பிரித்தெடுத்து எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தீர்களா என்று கேட்டிருந்தார். எனக்கு எரிச்சல். செல்லே இல்லாத தட்டில் பொட்டலம் எங்கிருந்து வரும், காலிப் பாத்திரத்தைக் கவிழ்த்துப் பார்க்கச் சொல்கிறாரே என்று குதித்தேன். என் மாணவி மெர்லின், மார்த்தாண்டத்துக்காரி, அதிகம் பேசமாட்டாள். "கேட்டாச்சுல்லா மேடம். செஞ்சிடலாம்" என்றாள். சரி, அனுமதி வாங்கிச் செய்து தொலை என்று கையெழுத்துப் போட்டேன். நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வந்தது. உப்புநீர் எலிகள், மருந்து எலிகள், காலித் தட்டு எலிகள் என்று மூன்று வகையாகப் புதிதாக ஆரம்பித்தோம். எழுதியவள் வழக்கம்போலச் செல்வராணி. எந்தக் கூண்டு எது என்ற ரகசியப் பட்டியல் மெர்லினின் மேஜையில் பூட்டி இருந்தது. அவளுடைய தீசிஸ் முழுக்க இந்த மருந்தின் மேல்தான் நின்றது. சமர்ப்பிக்க இரண்டு மாதம்கூட இல்லை.

சனிக்கிழமை அரை நாள். எல்லோரும் போயிருப்பார்கள் என்று மத்தியானம் போனேன். காப்பி கொண்டுபோகிற ஸ்டீல் ஃப்ளாஸ்கைக் கழுவிப் பனிக்கட்டி போட்டு எடுத்துக்கொண்டேன். ஃப்ரீசரைத் திறந்து ஒரு குப்பியை எடுத்தேன். ஃப்ரீசரின் மேல் பதிவேடு தொங்குகிறது பாருங்கள், எடுத்தவர் யார், எதற்கு என்று. அன்றும் தொங்கியது. நான் எழுதவில்லை. திங்கட்கிழமை வந்து 'உடைந்தது' என்று எழுதிக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருந்தேன். ஒரு குப்பிக்கு ஒரு பொய். அவ்வளவு சுலபமாக அது மனசில் வந்தது என்பதைத்தான் உங்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். கெட்ட எண்ணத்தோடு யாரும் ஆய்வகத்தில் தப்பு செய்து நான் பார்த்ததில்லை. பாசத்தோடும் அவசரத்தோடும் செய்வார்கள்.

ஃப்ளாஸ்கைப் பைக்குள் வைத்துத் திரும்பினால் வாசலில் மெர்லின். கையில் ஒரு தாள்.

"மேடம், ஒரு காரியம் சொல்லணும். இருந்துகிட்டு கேக்கியளா?"

உட்கார்ந்தேன். என்னைப் பிடித்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். அவள் என் பையைப் பார்க்கவே இல்லை.

"நேத்தோட எழுத்து முடிஞ்சுதுல்லா. இன்னைக்குப் பட்டியல எடுத்து ஒத்துப் பாத்தேன். காலித் தட்டு எலியளும் சீனிய எடுத்திருக்கு மேடம். நம்ம மருந்து எலி எடுத்த அளவுக்கே எடுத்திருக்கு."

"செல்வராணி மாத்தி எழுதியிருப்பா."

"அவியளுக்கு எந்தக் கூடு எதுன்னே தெரியாதே மேடம். நான் மூணு மட்டம் பாத்தாச்சு."

தாளை வாங்கிப் பார்த்தேன். வரைபடத்தில் இரண்டு கோடுகள், ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் படுத்திருந்தன. செல் உள்ள தட்டும் செல் இல்லாத தட்டும் ஒன்றே என்றால், வேலை செய்தது எங்கள் ஸ்டெம் செல்லின் பொட்டலம் இல்லை. வேறு எதுவோ இரண்டு தட்டிலும் இருந்திருக்கிறது. என்ன என்று எனக்கு உடனே உறைத்துவிட்டது. செல் வளர்வதற்காக வளர்ப்பு நீரில் கன்றுக்குட்டியின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரம் சேர்க்கிறோம். சீரத்திலும் இதே மாதிரிப் பொட்டலங்கள் ஏராளம் உண்டு, மாட்டினுடையவை. அவற்றை முதலில் நீக்கிவிட வேண்டும் என்பதற்காகச் சீரத்தை ஒரு முழு நாள் வேகமாகச் சுழற்றுவோம். பழைய நோட்டை எடுத்துப் புரட்டினேன். இயந்திரத்துக்குப் பலர் வரிசையில் நிற்கிறார்கள் என்பதால் ஒரு நாளை அரை நாளாகக் குறைத்து, 'இதுவே தாராளம்' என்று எழுதியிருந்தது. கையெழுத்து என்னுடையது.

அதாவது, என் பைக்குள் பனிக்கட்டியில் இருந்தது கன்றுக்குட்டி ரத்தத்தின் மிச்சம். அது மனித மூளைக்குள் போனால் என்ன ஆகும் என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஒன்றும் ஆகாமல் போகலாம். மூளை வீங்கியும் போகலாம். இன்னும் ஒரு மணி நேரத்தில் அதை நான் என் அக்காவின் மூக்கில் விட்டிருப்பேன். தாளை மேஜை மேல் போட்டுவிட்டுப் பையை மடிக்கு இழுத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மெர்லின் பயந்துவிட்டாள். தீசிஸ் போனது அவளுக்கு, பயந்தது எனக்காக. "மேடம், வெள்ளம் குடிக்கியளா?" என்று பாட்டிலை நீட்டினாள். நான் பையைத் திறந்து ஃப்ளாஸ்கை எடுத்து மேஜை மேல் வைத்தேன். மூடியைத் திறந்து பார்த்தாள்.

"யாருக்கு மேடம்?"

"அக்காவுக்கு."

"கொடுத்திடலியே?"

"இல்லை."

"அப்பம் சரி" என்றாள். கையுறை போட்டுக் குப்பியை எடுத்து, மூடியைக் கழற்றி, ப்ளீச் வாளியில் கவிழ்த்தாள். கையுறையைக் கழற்றிப் போட்டாள். பிறகு பதிவேட்டை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் விரித்துப் பேனாவைத் திறந்தாள்.

"என்ன எழுதணும் மேடம்?"

அவள் குரலில் குற்றச்சாட்டு ஏதும் இல்லை. உண்மையாகவே கேட்டாள். உடைந்தது என்று எழுது என்று நான் சொல்லியிருந்தால் எழுதியிருப்பாள், அதைப் பற்றி யாரிடமும் வாய் திறந்திருக்கவும் மாட்டாள். அத்தனை மரியாதை என் மேல். பக்கத்திலேயே அவளுடைய தாள் கிடந்தது. தன் தீசிஸையே சாய்த்துவிடும் ஒரு முடிவை மூன்று முறை சரிபார்த்து, சனிக்கிழமை மத்தியானம்கூடத் தள்ளிப்போடாமல் கொண்டுவந்திருந்தாள். அந்தக் கையால் ஒரு பொய்யை எழுதச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பேனாவை வாங்கி நானே எழுதினேன்: 'சொந்த உபயோகத்துக்காக அனுமதியின்றி எடுத்தது. கொடுக்கப்படவில்லை. அழிக்கப்பட்டது.' கீழே கையெழுத்து. அந்தப் பதிவேடு இன்னும் அலமாரியில் இருக்கிறது. வேண்டுமானால் எடுத்துப் பாருங்கள்.

திங்கட்கிழமை அதன் நகலோடு இயக்குநரிடமும் குழுவிடமும் போனேன். கட்டுரையைத் திரும்பப் பெற்றோம். திட்டத்தின் தலைமையிலிருந்து என்னை விலக்கினார்கள், அது நியாயம்தான். மெர்லின் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள், சீரத்தை முழு நாள் சுழற்றி. அதன் பிறகு வந்த பலன் பழையதைவிடச் சிறியது. ஆனால் அது செல்லினுடையது. நீங்கள் இன்று மேலே கட்டுவதெல்லாம் அந்தச் சிறிய பலனின் மேல்தான். அவளுடைய தீசிஸ் ஒன்றரை வருஷம் தாமதமானது. இதுவரை அவள் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

இவை எல்லாம் திங்கட்கிழமைக்குப் பிறகு. சனிக்கிழமை சாயங்காலம் ஒன்று பாக்கி இருந்தது.

அக்கா வீட்டுக்குள் நுழைந்தபோது அத்திம்பேர் சொட்டுக்குழாயைக் கொதிநீரில் போட்டு எடுத்து, வெள்ளைத் துணியில் வைத்திருந்தார். அக்கா குளித்து, ஈரத்தலையை முடிந்து, சாய்வு நாற்காலியில் கழுத்துக்குத் தலையணை வைத்து, முகத்தை மேலே நிமிர்த்திக் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். நஸ்யத்துக்குப் படுக்கிற மாதிரியே. எவ்வளவு நேரமாக அப்படி இருந்தாளோ. என் காலடி கேட்டதும் முகத்தை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தினாள்.

வெறுங்கையோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். திருடியதையும் சொன்னேன்.

அத்திம்பேர் கோபித்து நான் பார்த்ததே இல்லை. அன்று பார்த்தேன். "முதல்லயே முடியாதுன்னு நின்னிருந்தா, சரி. தரேன்னு சொல்லி அவளைக் குளிக்க வச்சு உக்கார வச்சுட்டு, இப்போ மாட்டுக் கதை சொல்ல வந்திருக்கே. எலிக்கு இருக்கற அருகதை உன் அக்காவுக்குக் கிடையாதா?"

அழுதேன்.

"மதி." அக்கா எழுந்து உட்கார்ந்திருந்தாள். வகுப்பை அடக்குகிற அதே குரல், அது அத்திம்பேருக்கு. பிறகு இடது கையால் சிலேட்டைக் காட்டினாள். பேச்சுப் பயிற்சியில் கொடுத்த சிலேட்டு, மாதக்கணக்காக மேஜையடியில் கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். கோணல் மாணலாக இரண்டு வட்டம் போட்டாள். ஒன்றுக்குள் புள்ளிகள் வைத்தாள். இன்னொன்றைக் காலியாக விட்டாள். நடுவில் சமக்குறி போட்டு என்னைப் பார்த்தாள்.

"ஆமாம் அக்கா. ரெண்டும் சமம்."

அவள் மெள்ளத் தலையாட்டினாள். கண் நிறைந்து வழிந்தது. கணக்கு டீச்சருக்குக் கணக்கு புரிந்துவிட்டது, அதனால்தான் வழிந்தது. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கையால் என் முகத்தைத் துடைத்தாள். கன்னம் முழுக்கச் சாக்பீஸ் மாவு.

செல்வராணி முன்பொருமுறை சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒரு ஓணத்துக்கு அவள் ஊருக்குப் போய்விட, கூண்டுகளில் நாலைந்து நாள் சீனிப் பயிற்சி நடக்கவில்லை. மருந்து விட்ட எலிகள்கூட அந்த முறை பின்னால் போய்விட்டன. "தினமும் கைய நீட்ட வெச்சாத்தான் நீட்டுது டாக்டரம்மா. மூக்குல எத விட்டாலும், சும்மா இருந்தா மடக்கிக்குது" என்றாள். நான் அதை விடுமுறைக் கோளாறு என்று ஓரமாகத் தள்ளிவிட்டிருந்தேன். அதை அக்காவிடம் சொன்னேன். மருந்து இல்லை, இது மட்டும்தான் இருக்கிறது, அதையும் என் வாயால் நானே நிறுத்தினேன் என்றேன்.

அக்கா அத்திம்பேரைப் பார்த்துச் சமையலறை அலமாரியைக் காட்டினாள். அவருக்குச் சர்க்கரை வியாதி என்று அவள் முன்பு உயரத்தில் ஒளித்து வைத்திருந்த கல்கண்டு டப்பா. எடுத்துக் கொடுத்தார். சாப்பாட்டு மேஜையில் ஒரு கல்கண்டை எடுத்து எட்ட வைத்தாள். அதன் அருகில் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்தாள். தன் மடங்கிய வலது கையை இடது கையால் தூக்கி மேஜை விளிம்பில் வைத்தாள். எலிகளுக்கு வைப்பது போலவே.

அன்று கை அசையவே இல்லை. திங்கட்கிழமை அத்திம்பேர் ஆட்டோ கூப்பிட்டார். என்னோடு பேச அவருக்கு இன்னும் ஒரு மாதம் ஆயிற்று.

நான் தினமும் காலையில் பஸ்ஸுக்குப் போகும் முன் அங்கே போய்க் கல்கண்டைக் கோட்டில் வைத்தேன். வாரங்கள் போயின. கை ஒரு விரற்கடை நகரும், நின்றுவிடும். நெற்றியெல்லாம் வேர்த்துவிடும். ஒரு நாள், கல்கண்டுக்கு மூன்று விரல் தூரத்தில் வந்து நின்று நடுங்கியது. என்னால் பார்க்க முடியவில்லை. அவள் மூச்சு வாங்கக் கண்ணை மூடிய நேரத்தில் கல்கண்டை அவள் பக்கமாக மெள்ள நகர்த்திவிட்டேன். மூன்று விரல்தானே.

கண்ணைத் திறந்தாள். கல்கண்டைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கோபப்படவில்லை. இடது கையால் கல்கண்டைப் பழையபடி கோட்டுக்குத் தள்ளிவைத்தாள். வலது கையை மடிக்கு இழுத்துக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

பிள்ளைகளே, ஆய்வகத்தில் உங்களுக்கும் அந்த மூன்று விரலை நகர்த்தத் தோன்றும். எனக்கு இரண்டு முறை தோன்றியது. இரண்டு முறையும், திருப்பிவைத்தால் இழக்கப்போகிறவளே வந்து அதைத் திருப்பிவைத்தாள், முதலில் மெர்லின், பிறகு அக்கா.

ஓணம் கழிந்து ஒரு வியாழக்கிழமை காலை. அக்காவின் வலது கை மேஜை மேல் ஊர்ந்து போய்க் கல்கண்டைத் தொட்டது. விரல்கள் இரண்டு முறை வழுக்கின. மூன்றாவது முறை எடுத்தன. தன் வாய்க்குக் கொண்டுபோகவில்லை. நடுங்கி நடுங்கி என் வாய்க்குக் கொண்டுவந்தாள். வாயில் அதை வைத்துக்கொண்டு குனிந்து மேஜையைப் பார்த்தேன். கோடு அதே இடத்தில்தான் இருந்தது.